விட்டுப்போன வாரம்

ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு.
செம்பனை மில் வாசலில் எடைமேடை,
பக்கத்தில் என் கண்ணாடிக் கூண்டு.
லோரி ஏறும்: இருபத்தெட்டு டன் நானூறு கிலோ.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் வயிறாய்த் திரும்பி வரும்:
பதினோரு டன் நூறு.
கழித்து, சீட்டை அச்சடித்து,
ஹம்சா அண்ணன் கையில் நீட்டினால்
அந்த லோரியின் கதை முடிந்தது.
அடுத்த லோரிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமைத் துப்பறியும் நாடகமும் இப்படித்தான்.
எட்டரைக்கு ரப்பர்க் காட்டில் பிணம்,
ஒன்பதரைக்கு விலங்கு.
தோளில் குண்டு பாய்ந்த இன்ஸ்பெக்டர்
மறுவாரம் அதே கையைத் தூக்கித் தே ஆற்றுகிறார்.
தழும்புகூட இல்லை.
எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.
எந்த வாரம் போய்த் தட்டினாலும்
யாரென்று கேட்காமல் திறக்கிற கதவு.

ஏழு மணித் தொடர் வேறு ஜாதி.
பாகம் நானூற்றுப் பன்னிரண்டு:
மதிவதனி மாமியார் வீட்டுப் படியில் காலை வைக்கிறாள்.
வியாழனும் வைக்கிறாள்.
வெள்ளிக்கிழமை அந்தக் காலை
மூன்று பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள்.
சரி, இனி என்ன என்று நான் இரவு வேலைக்குப் போனால்
அந்த வாரம் பார்த்துத்தான்
வீட்டை விற்று, ஒருத்தியைக் கொன்று,
பிள்ளைக்கு யார் அப்பன் என்பதையும் சொல்லித் தொலைப்பார்கள்.

புஷ்பலீலா இருந்தாளோ பிழைத்தேன்.
எங்கள் மில்லில் எண்ணெய்க்குப் புளிப்புப் பார்க்கிறவள்.
நான் வேலை முடிந்தும் அவள் தொடங்காமலும் இருக்கிற
காலை ஏழரைக்கு
பாகாவ் டவுன் மாமாக் கடையில் பசியாறுவோம்.
ரொட்டியைப் பிய்த்தபடி, பருப்பில் தோய்க்க மறந்து,
நான் விட்ட பாகத்தைச் சொல்லுவாள்.

"பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா.
அழல. வாசல்ல செருப்பத் தேடுனா, ஒண்ணுதான் இருந்துச்சு.
ஒத்தச் செருப்போட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தா."

அந்த ஒற்றைச் செருப்பு
இரவெல்லாம் என்னோடு கூண்டில் இருந்தது.
ஒரு லோரியை இரண்டு முறை எடைபோட்டேன்.

மறுநாள்:
"டிக்கெட்டுக்கு ரெண்டு வெள்ளி கொறச்சல்.
முன் சீட்டுல ஒரு சீனக் கெழவர், அவருதான் குடுத்தாரு.
எங்க போறேன்னு ஒரு வார்த்த கேக்கல."

நல்ல மனுஷன் என்றேன்.
மெட்ராஸில் எடுக்கிற தொடரில்
வெள்ளி ஏது, சீனக் கிழவர் ஏது என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை, பகல் வேலை.
ஏழு மணிக்குச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தேன்.
மதிவதனி அதே படியில் நிற்கிறாள்.
கால் இன்னும் இறங்கவில்லை.
இரண்டு காலிலும் செருப்பு, அதுவும் புதுசு.

புஷ்பலீலா வீட்டு ஆஸ்ட்ரோ வெட்டி மூன்று மாதமாம்.
தட்டு மாட்டுகிற பையன் வேறேதோ பேசும்போது சொன்னான்.
அவள் வீடும் மாறிவிட்டாளாம்,
கடைக்கு மேலே ஓர் அறைக்கு,
ஒரே ஆளாக.

அந்த வாரம் முழுக்கத் தொடரைப் பார்க்கவில்லை.
செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார்,
கொலையைக் கண்டுபிடித்தார், போய்விட்டார்.
முதல் தடவையாக அவர்மேல் கோபம் வந்தது.
செத்தவனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாளே,
அவளை யார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்?

மறுபடி இரவு வாரம். மறுபடி மாமாக் கடை.
"அப்புறம் என்னாச்சு?"

"யாருக்கு?"

"மதிவதனிக்கு."

ரொட்டியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.
சமையல்கட்டில் தட்டுகள் விழுந்து உருண்டன.

"வேல கெடச்சிருச்சு" என்றாள்.
"எண்ணெ மில்லுல. சம்பளம் கொஞ்சம் கம்மிதான்."

"செருப்பு?"

"அது இன்னும் வாங்கல."

இரண்டு பேர் கணக்கையும் நானே கொடுத்தேன்.
மேசைக்கு அடியில்
குனிந்து பார்க்கவில்லை.